இரண்டு ஓட்டுத் தொகுதியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

போன வாரம் போனில் பேசும்போது, வாக்காளர் பதிவு அலுவலகத்திலிருந்து ஏதோ கடிதம் வந்திருக்கிறது, நாம என்ன அந்த ஊர்க்காரங்களா, தெரியாமல் அனுப்பியிருப்பாங்க என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விட்டாய். தெரியாமல் அனுப்பவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் தேர்தல் டியூட்டி பார்த்தவளிடம் அப்படிச் சொன்னால் சும்மா இருப்பேனா? உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டிருந்தால் எடுத்து வை.

உனக்கு அங்கே ஓட்டு உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு பிரிட்டனில் குடியிருந்தால் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் சேரும். மாணவர் விசாவும் செல்லும். உன் பக்கத்து அறை அமெரிக்கப் பெண்ணுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டனில் இருக்கும் பிரிட்டன் நாடாளுமன்றம்) தேர்தலில் ஓட்டு கிடையாது, உனக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் மட்டும் 2020-இல் வந்த சட்டப்படி அவளும் போடலாம். நம்ம ஊரில் உன் பெயர் பட்டியலில் இருந்தாலும் நீ நேரில் வந்துதான் போட வேண்டும். அதற்காக விமான டிக்கெட் எடுக்கப் போகிறாயா என்ன?

அதுவும் நீ இருக்கும் தொகுதி சாதாரணத் தொகுதி இல்லை. ஸ்காட்லாந்தில் உன் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இருக்கும் வடகிழக்கு ஃபைஃப். 2017 ஜூன் 8-ஆம் தேதி நடந்த தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஸ்டீபன் கெதின்ஸ் வாங்கியது 13,743. லிபரல் டெமாக்ரட் கட்சியின் எலிசபெத் ரிச்சஸ் வாங்கியது 13,741. நன்றாகப் பார், இரண்டே இரண்டு ஓட்டு. மூன்று முறை மறுபடி எண்ணினார்கள். அங்கே மிஷின் கிடையாது. வாக்குச்சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போடுவதுதான், அதைக் கையால்தான் எண்ண வேண்டும். இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிகளைக் கொண்டுவந்து கொட்டி விடிய விடிய எண்ணுகிறார்கள். குறி கட்டத்துக்கு வெளியே போன சீட்டு, இரண்டு பேருக்கும் கோடு இழுத்த சீட்டு என்று சந்தேகமானவற்றைத் தனியாக எடுத்து, ஏஜென்டுகளுக்குக் காட்டி, செல்லும் செல்லாது என்று தேர்தல் அதிகாரி தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் நிலைமையை நினைத்தால் எனக்கே கை நடுங்குகிறது. ராதாபுரத்தில் 2016-இல் 49 ஓட்டுக்கே என்ன பாடு பட்டோம்! தபால் ஓட்டில் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா என்று கோர்ட்டு வரைக்கும் போயிற்றே.

ஜூன் 8 என்றால் தேர்வு முடிந்து பாதி மாணவர்கள் ஊருக்குக் கிளம்பியிருக்கும் நேரம். உன்னைப் போல ஒரு அறையில் இருந்த மூன்று பேர் சோம்பல் படாமல் போயிருந்தால் முடிவு மாறியிருக்கும். 1997-இல் வின்செஸ்டரிலும் இதே இரண்டு ஓட்டுதான். ஆனால் அங்கே தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார், தேர்தலே செல்லாது என்று தீர்ப்பானது, இடைத்தேர்தலில் அதே ஜெயித்தவர் 21,556 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜனங்களுக்கு அவ்வளவு கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது.

சரி, உன் தொகுதிக்கு வருகிறேன். இப்போதைய வடகிழக்கு ஃபைஃப் 1983-இல் வந்தது. அதற்கு முன்னால் கிழக்கு ஃபைஃப். அதில் 32 வருஷம் உறுப்பினராக இருந்தவர் ஹெர்பர்ட் ஹென்றி ஆஸ்குவித், 1908 முதல் 1916 வரை பிரிட்டனின் பிரதமர். ஃபைஃபுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்கிலாந்தில் பிறந்து லண்டனில் வக்கீலாக இருந்தவர். 1886-இல் அயர்லாந்துக்கு சுயாட்சி கொடுப்பதா என்ற பிரச்சினையில் லிபரல் கட்சி இரண்டாகப் பிளந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த உறுப்பினர் சுயாட்சிக்கு எதிராக நின்றார், உள்ளூர் லிபரல்காரர்கள் அவரைக் கைவிட்டார்கள். ஆஸ்குவித்தின் நண்பர் ஹால்டேன் வேலை செய்து, நண்பரை அந்தக் காலியிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்படி வந்தவரைத்தான் ஊர் 32 வருஷம் வைத்துக்கொண்டது.

இதில் ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலத்தில் நீ இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் டவுன் அவருடைய தொகுதியில் கிடையாது. செயின்ட் ஆண்ட்ரூஸ், கூப்பர், கிரெய்ல், பிட்டன்வீம் போன்ற நகரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பர்க்ஸ் என்று தனித் தொகுதி வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த வயலும் கிராமமும்தான் ஆஸ்குவித்துக்கு. உங்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு எடின்பரோவோடு சேர்த்து இன்னொரு தனித் தொகுதி வேறு! படித்தவனுக்கு ஒரு ஓட்டு, வீட்டுக்காரனுக்கு ஒரு ஓட்டு என்று இருந்திருக்கிறது. 1918-இல் நகரங்களையும் கிழக்கு ஃபைஃபோடு சேர்த்தார்கள். அந்த வருஷமே அவர் தோற்றார்.

தோல்விக்கு அது மட்டும் காரணம் இல்லை. நீ முதல் நாள் இரண்டு பெட்டியோடு இறங்கினாயே லூக்கர்ஸ் ஸ்டேஷன், அதை 1913 ஜூன் கடைசியில் பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டக்காரிகள் கொளுத்தினார்கள். பிரதமரின் சொந்தத் தொகுதி, அதுவும் அவர் பெண்களுக்கு ஓட்டு கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். தீ வைத்ததை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை மனு, எத்தனை ஊர்வலம் போன பிறகு அது நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து, 1918 டிசம்பரில், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள், அதிலும் சொத்துத் தகுதி பார்த்து. எதிரில் நின்றவர் கர்னல் சர் அலெக்சாண்டர் ஸ்ப்ராட், பெரிதாகப் பெயர் கேட்காதவர். சுவரொட்டியில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ஆஸ்குவித் கிட்டத்தட்ட உங்களைப் போரில் தோற்க வைத்துவிட்டார், சமாதானத்தையும் கெடுக்க விடப் போகிறீர்களா என்று. அந்த முதல் உலகப் போரில்தான் அவருடைய மூத்த மகன் ரேமண்ட், 1916 செப்டம்பரில் சோம் களத்தில் செத்துப்போனார். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா இது? தேர்தல் வந்தால் எந்த ஊரானாலும் நாக்குக்கு எலும்பில்லை.

படைவீரர்களின் ஓட்டு வந்து சேர வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்து எண்ணினார்கள். ஏறக்குறைய 2,000 ஓட்டில் ஸ்ப்ராட் ஜெயித்தார். ஆஸ்குவித் 1920-இல் பெய்ஸ்லி இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார், அதுவும் ஸ்காட்லாந்துதான். ஆனால் பழைய தொகுதிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு நீண்ட காலம் பெரிய சுவாரசியம் இல்லை. ஹென்டர்சன் ஸ்டூவர்ட் என்று ஒருவர் 1933 முதல் 1961-இல் இறக்கும் வரை இருந்தார், பிறகு கன்சர்வேட்டிவ் கட்சி. இரண்டு இடைத்தேர்தல்களை மட்டும் சொல்கிறேன். 1933-இல் எழுத்தாளர் எரிக் லிங்க்லேட்டர், இன்றைய ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு முன்னோடியான நேஷனல் பார்ட்டி ஆஃப் ஸ்காட்லாந்துக்காக நின்று, ஐந்து பேரில் ஐந்தாவதாக வந்து, டெபாசிட்டும் போயிற்று. 1961-இல் தொழிற்கட்சி நிறுத்தியது 23 வயதுப் பையனை. அவர் தோற்றார், 1964-இல் அங்கேயே நின்று மறுபடியும் தோற்றார். பெயர் ஜான் ஸ்மித். முப்பது வருஷம் கழித்து தொழிற்கட்சியின் தலைவரானாரே, அவரேதான்.

மென்சிஸ் கேம்பல் பெயரை நீ கேள்விப்பட்டிருப்பாய், மிங் என்றுதான் சொல்வார்கள். உங்கள் பல்கலைக்கழக வேந்தராக 2006 முதல் இருந்து, 2025 செப்டம்பரில் காலமானார். வக்கீல். அதற்கும் முன்னால் ஓட்டக்காரர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், பிரிட்டனின் 100 மீட்டர் சாதனையை ஏழு வருஷம் கையில் வைத்திருந்தவர். அவ்வளவு வேகமாக ஓடியவருக்கு நாடாளுமன்றத்துக்குள் போக மட்டும் ஐந்து தேர்தல் தேவைப்பட்டது. 1987-இல் உன் தொகுதியில் ஜெயித்தார், 2015 வரை விடவே இல்லை. ஈராக் போரை எதிர்த்துப் பேசிய முக்கியமான குரல்களில் ஒன்று அவருடையது. நடுவில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவரானார். வயசாயிற்று, வயசாயிற்று என்று பத்திரிகைகள் பேசிப் பேசியே ஒன்றரை வருஷத்தில் இறங்க வைத்துவிட்டன. அப்போது அவருக்கு 66 வயசு. நம்ம ஊர் அரசியலில் அது இளைஞர் அணிக்கான வயசு!

அவர் 2015-இல் ஒதுங்கினார். அது சுதந்திர ஸ்காட்லாந்து கேட்டு நடந்த பொதுவாக்கெடுப்புக்கு மறு வருஷம். தேசியக் கட்சி 59-இல் 56 இடங்களை அள்ளியது, உன் தொகுதியும் அதில் போயிற்று. பிறகு 2017-இல் அந்த இரண்டு ஓட்டு. 2019-இல் வெண்டி சேம்பர்லின் என்ற முன்னாள் போலீஸ்காரர் 1,316 ஓட்டில் லிபரல் டெமாக்ரட் பக்கம் திருப்பினார். 2017-இல் கன்சர்வேட்டிவ் கட்சி அங்கே 10,088 ஓட்டு வாங்கியிருந்தது. ஸ்காட்லாந்து பிரியக் கூடாது என்று நினைத்தவர்களில் ஒரு பகுதி, எப்படியும் நம்ம ஆள் ஜெயிக்க மாட்டான் என்று இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்பது என் கணக்கு. 2024-இல் அதே சேம்பர்லினுக்கு 13,479 ஓட்டு வித்தியாசம்! ஏழு வருஷத்தில் இரண்டு ஓட்டுத் தொகுதி பதின்மூவாயிரம் ஓட்டுத் தொகுதி ஆகிவிட்டது. தோற்றுப்போன கெதின்ஸ் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே சர்வதேச உறவுகள் துறையில் பேராசிரியராக இருந்துவிட்டு, 2024-இல் டே ஆற்றுக்கு அந்தப் பக்கம் அர்ப்ரோத் தொகுதியில் ஜெயித்து மறுபடி லண்டன் போனார்.

இப்போதுதான் பதின்மூவாயிரம் ஆயிற்றே, என் ஓட்டால் என்ன ஆகும் என்பாய். 32 வருஷம் இருந்த பிரதமரையே வீட்டுக்கு அனுப்பிய ஊர் அது, எண்ணிக்கையை நம்பாதே. நாலு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவள் நான் யார் என்றும் கேட்பாய். விசாவோடு வருஷத்துக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணம் என்று கட்டினோமே, அதை முடிவு செய்வது வெஸ்ட்மின்ஸ்டர். படிப்பு முடிந்து எத்தனை மாதம் தங்கி வேலை தேடலாம் என்பதையும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பணம் கட்டும்போது மட்டும் நீ அந்த ஊர்க்காரி, கேள்வி கேட்கும்போது வெளியூர்க்காரியா? யாருக்குப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா சொல்வார், கேட்காதே.

வேலை இவ்வளவுதான். இணையத்திலேயே பதிவு செய்யலாம், கால் மணி நேரம் ஆகாது. பகுதிநேர வேலைக்காக வாங்கிய தேசியக் காப்பீட்டு எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள். மாணவர் விடுதியை விட்டு வேறு வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும், பழைய முகவரியில் பெயர் இருந்து பிரயோஜனமில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலுக்குப் புகைப்பட அடையாளம் கேட்பார்கள், இந்தியப் பாஸ்போர்ட் போதும். ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு அது தேவையில்லை, ஆனால் சீட்டு இரண்டு கொடுப்பார்கள். ஒன்று தொகுதி ஆளுக்கு, மற்றது மண்டலப் பட்டியலுக்கு. உள்ளாட்சிக்கு மட்டும் பெருக்கல் குறி போடாதே. 1, 2, 3 என்று பிடித்த வரிசையில் எண் எழுத வேண்டும். விரலில் மை வைக்க மாட்டார்கள், போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்கவும் முடியாது.

பதிவு செய்ததும் ஒரு வரி எழுது. பருப்புப் பொடி அடுத்த வாரம் பார்சலில் வருகிறது, கூடவே அப்பா கட்டாயப்படுத்தி வாங்கிய குல்லா ஒன்றும்.

அன்புடன்,
அம்மா