மலை விதைகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாட்டுடன் கஞ்சா பயிரிட இமாசலப் பிரதேசம் எடுத்துவரும் முயற்சி பற்றிய செய்தியைப் படித்தேன். 2018-லேயே உத்தராகண்ட் இந்த வழியில் இறங்கியது. செடியில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள விதி. மலைச் செடிகள் பல அதற்குள் அடங்குவதில்லை. சரி, வெளிநாட்டு விதையை வாங்கிவிடலாம் என்று யோசனை போகிறது. அதுதான் உறுத்துகிறது. உலகச் சந்தையில் பெயர் வாங்கிய கஞ்சாக் கலப்பினங்கள் பலவற்றுக்கு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து இந்துகுஷ் மலைச் செடிதான் பாட்டி. குட்டை உருவம், அகன்ற இலை, சீக்கிரம் பூக்கும் குணம் எல்லாம் அங்கிருந்து போனவை. நம் மலை விதையும் அப்படியொரு தாய்வித்துதான்; அது தொலைந்தால் நாளைக்கு எதை வைத்துக் கலப்பது? இது காற்றில் மகரந்தம் பரவும் பயிர் வேறு. பக்கத்து வயலில் வெளி ரகம் பூத்தால் போதும், ஊர் விதை கலந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் உத்தராகண்டின் அல்மோரா பக்கம் ஒரு வீட்டில் தங்கினேன். வறுத்த பாங் (கஞ்சா) விதையை அம்மியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்து துவையல் வைத்தார்கள். (போதை துளியும் இல்லை!) கொல்லையில் ஒரே ஒரு செடியில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அடுத்த ஆண்டு விதைக்காக விட்டுவைத்ததாம். செடித் தேர்வு என்பது இதுதானே? வெளி விதைக்கு அனுமதி தருமுன், அரசு ஊர் ஊராக இந்த விதைகளைத் திரட்டி, பயிர் விதைகளைப் பாதுகாத்து வைக்கும் தேசிய மரபணு வங்கியில் சேர்க்கட்டும். குறைந்த டிஎச்சி ரகத்தை அவற்றிலிருந்தே தேர்ந்தெடுத்து, 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த உழவர்கள் பெயரிலேயே பதிய வழி செய்யட்டும்.

– ஒரு வாசகர், கோவை