386-ஐ வழியனுப்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கணினியை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலிருந்து, பழைய பிராசஸர்களுக்கான புரோகிராம் கோடை நீக்கியவர்களுக்கும், அந்தக் கோடை ஒரு காலத்தில் எழுதியவர்களுக்கும் வணக்கம்.

டிரைவர் (கருவிகளைக் கெர்னலோடு இணைக்கும் புரோகிராம்) எழுதுவதும், வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கெர்னலைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் பிழைப்பு. 2012 டிசம்பரில் நீங்கள் செய்த வேலையின் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எச். பீட்டர் அன்வின் அவர்களுக்கு. இன்டெல் 386 என்ற பழைய பிராசஸருக்கான ஆதரவை நீக்கும் பேட்ச்களை (கோடில் செய்யும் மாற்றங்களை) எழுதியவர் நீங்கள். அவற்றைத் தொகுத்து, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அனுப்பிவைத்த இங்கோ மோல்னார் அவர்களுக்கு அடுத்த நன்றி. 1991-ல் லினக்ஸ் பிறந்ததே ஒரு 386 மெஷினில்தான். லினஸின் அந்தப் பழைய மெஷினில் இனிப் புது கெர்னல் பூட் ஆகாது என்று இங்கோ சற்று வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார். லினஸோ ‘எனக்கு அந்த மாதிரி உருக்கமெல்லாம் கிடையாது, போகட்டும்’ என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 கெர்னலில் 386 இல்லை. தான் தொடங்கிய இடத்தையே விட்டுக்கொடுக்க லினஸ் தயங்காததை நான் பெரிதாக மதிக்கிறேன். அவருக்கும் நன்றி.

நீக்கியது சில நூறு வரிகள்தான். ஆனால் அவை இருந்த இடம் அப்படி. ஒரு மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் மட்டும் மாற்று என்று ஒரே மூச்சில் செய்யும் கம்ப்பேர்-எக்ஸ்சேஞ்ச் கட்டளை 386-ல் கிடையாது. கூட்டிவிட்டுப் பழைய மதிப்பைத் திருப்பித் தரும் எக்ஸ்சேஞ்ச்-ஆட் கட்டளையும் கிடையாது. இரண்டும் 1989-ல் வந்த அடுத்த பிராசஸரான 486-ல்தான் வந்தன. இன்று லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் காக்கும் பூட்டு), கவுன்ட்டர் என்று எதைத் தொட்டாலும் அடியில் இருப்பவை இவைதான். 386-க்காகக் கம்பைல் செய்தால், அட்டாமிக் கூட்டல் (நடுவே யாரும் குறுக்கிட முடியாத கூட்டல்) ஃபங்ஷனுக்குள்ளேயே ‘இது 386-ஆ?’ என்று ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கும். ஆம் என்றால், நடுவே குறுக்கிடும் இன்டரப்டை நிறுத்தி, மதிப்பைப் படித்து, கூட்டி, எழுதி, இன்டரப்டைத் திரும்ப விட வேண்டும். இப்போது அதே ஃபங்ஷனில் ஒரே ஒரு வரிதான். புதிதாக வருகிற பிள்ளை அந்த வரியைப் பார்த்ததும் புரிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. முன்பெல்லாம் யார் வீட்டிலும் இல்லாத ஒரு பிராசஸரைப் பற்றி விளக்கிய பிறகுதான் பாடத்துக்கே வர முடியும்.

இதைவிடப் பெரிய தலைவலி ரைட்-புரொடெக்ட், அதாவது மெமரியில் எழுதவிடாமல் காக்கும் விவகாரம். ஒரு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஃபோர்க் ஆகும்போது, அதாவது தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும்போது, தாயும் பிள்ளையும் ஒரே மெமரி பேஜைப் (மெமரியின் ஒரு துண்டை) பகிர்ந்துகொள்ளும். அந்தப் பேஜைப் படிக்க மட்டும் என்று கெர்னல் குறித்து வைக்கும். யாராவது எழுத வந்தால் பிராசஸர் தடுத்துக் கெர்னலுக்குச் சொல்லும் (இதுதான் ஃபால்ட்), அப்போது கெர்னல் தனி நகல் எடுத்துக் கொடுக்கும். ஆனால் 386-ல் எழுத வருவது கெர்னலாக இருந்தால், பிராசஸர் அந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரு புரோகிராம் ஃபைலைப் படிக்கச் சொல்கிறது என்று வையுங்கள். கெர்னல் அந்தத் தரவை அதன் பஃபரில் (தரவு வந்து சேரும் மெமரி இடத்தில்) நேரடியாக எழுதினால், பகிர்ந்திருக்கும் இன்னொரு பிராசஸின் மெமரியிலும் அது போய் விழும், ஒரு சத்தமும் இல்லாமல். இதைத் தடுக்க, எழுதும் முன் ஒவ்வொரு பேஜையும் கெர்னலே சரிபார்த்து, தேவைப்பட்டால் நகல் எடுத்து, அப்புறம்தான் எழுத வேண்டும். சரிபார்த்ததற்கும் எழுதுவதற்கும் நடுவே நிலைமை மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 486-ல் இதற்கென்றே டபிள்யூபி (ரைட்-புரொடெக்ட்) என்று ஒரு பிட் வைத்தார்கள், பிரச்சினை முடிந்தது. பழைய கெர்னல்கள் பூட் ஆகும்போது ‘சூப்பர்வைசர் மோடிலும் (கெர்னல் ஓடும் நிலையிலும்) இந்த பிராசஸர் டபிள்யூபி பிட்டை மதிக்கிறதா’ என்று சோதித்துப் பார்த்து, திரையில் ‘ஓகே’ போடும். அந்த ‘ஓகே’வுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருந்தது.

சரி, 386 வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை யாரும் அன்றைக்கே தெருவில் விட்டுவிடவில்லை. அதற்குக் காரணமான பென் ஹட்சிங்ஸ் அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. 3.2 கெர்னலை 2018 வரை பராமரித்தவர் நீங்கள். அது 3.8-க்கு முந்தையது, ஆகவே 386-ல் ஓடக்கூடியது. புதிய கிளையிலிருந்து (வெளியீட்டு வரிசையிலிருந்து) நீக்கிவிட்டோம், இனி உன் பாடு என்று சொல்லாமல், ஐந்து வருடத்துக்கு மேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. பழைய கிளையைப் பராமரிப்பதில் பேரும் இல்லை, புதுமையும் இல்லை. வேறொருவர் எழுதிய திருத்தத்தைப் பழைய கோடுக்குப் பொருத்திப் பொருத்திச் சேர்க்கும் பொறுமையான வேலை அது.

கடைசியாக ஆஸ்திரேலியாவின் பில் மெட்சென்தென் அவர்களுக்கு. 386-லும், 486-ன் ஒரு வகையான 486 எஸ்எக்ஸிலும் தசமக் கணக்குப் போடும் சிப் உள்ளே கிடையாது. அப்படிப்பட்ட கட்டளை வந்தால் பிராசஸர் நின்று கெர்னலைக் கூப்பிடும், இதற்கு டிராப் (trap) என்று பேர். கெர்னல் அதை வாங்கி, கட்டளையைப் பிரித்துப் பார்த்து, முழு எண் கணக்கை வைத்தே விடையைச் செய்து கொடுக்கும். இல்லாத சிப்பின் வேலையைச் செய்யும் அந்த எமுலேட்டர் உங்கள் உழைப்பு. தனியாகக் கணக்குச் சிப் வாங்கக் காசில்லாத எத்தனையோ மாணவர்களுக்கு 1990-களில் லினக்ஸ் ஓடியது உங்களால்தான். அதனுடன் வரும் குறிப்பையும் படித்திருக்கிறேன். பிழைகளைச் சொன்னவர்கள், திருத்தம் அனுப்பியவர்கள், சோதித்துப் பார்க்க 486 மெஷினைத் தந்து உதவியவர்கள் என எல்லோருக்கும் அதில் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

2025 ஏப்ரலில் இங்கோ 486-ஐயும், அதற்கு அடுத்து வந்த 586 வகையின் தொடக்க கால பிராசஸர்களையும் நீக்குவதற்கான பேட்ச் தொகுப்பை அனுப்பினார். உங்கள் எமுலேட்டரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை நீக்குவது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேட்சைப் படிக்கும்போது, நீக்கப்படுவதைக் காட்டும் மைனஸ் குறி போட்ட ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அவ்வளவு கவனமாக எழுதப்பட்ட கோடு. அந்த வரிகளிலிருந்து நான் கற்றுக்கொண்டதற்கு உங்களுக்கு நன்றி, ஐயா.

அன்புடன்,
உங்கள் கோடைப் படித்து வளர்ந்த ஒரு டிரைவர் புரோகிராமர்