கில்லிப் எடுத்த முகங்கள்: ஐல் ஆஃப் மேனிலிருந்து சித்தப்பாவுக்கு

டக்ளஸ்,
ஐல் ஆஃப் மேன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். சித்தியும் தம்பியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அம்மாவிடம் வாரந்தோறும் தொலைபேசியில் பேசிவிடுவதால் வேலை, சம்பளம், சாப்பாடு பற்றிய செய்திகள் எல்லாம் உங்கள் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கும். இந்தக் கடிதத்தில் எழுதப்போவது அவற்றைப் பற்றி அல்ல. இந்தத் தீவில் பிறந்த ஒரு புகைப்படக்காரரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் ஸ்டுடியோவில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துத் தொழில் கற்றவர் நீங்கள். இதைக் கேட்பதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் நம் வீட்டில் யாரும் இல்லை.

அவர் பெயர் கிறிஸ் கில்லிப். 1946-இல் நான் இப்போது குடியிருக்கும் இதே டக்ளஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் மதுக்கடை நடத்தியவர்கள். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஓட்டலில் மேலாளர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் கொண்ட அந்தப் பையன், 1964-இல் பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயச் செய்திக்காக ஒரு பிரெஞ்சு வார இதழைப் புரட்டியபோது, இரண்டு பெரிய மதுப் புட்டிகளைக் கையில் அணைத்துக்கொண்டு பெருமிதத்தோடு தெருவில் நடந்து வரும் சிறுவன் ஒருவனின் படத்தைக் கண்டார். கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் பாரிஸில் எடுத்த புகழ்பெற்ற படம் அது. அந்த ஒரு படத்தைப் பார்த்தே புகைப்படக்காரனாவது என்று முடிவு செய்து, ஓட்டல் வேலையை விட்டு, கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுத்துக் கொடுத்துக் காசு சேர்த்து, அதே ஆண்டு லண்டனுக்குப் போய் ஒரு விளம்பரப் புகைப்படக்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

லண்டனில் நல்ல வருமானம் வரத் தொடங்கியிருந்த சமயத்தில்தான் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1969-இல் நியூயார்க் நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், புகைப்படங்களைக் கலைப்படைப்புகளாக மாட்டி வைத்திருந்ததை அவர் தம் வாழ்வில் முதன்முறையாகப் பார்த்தார். பால் ஸ்ட்ராண்ட், வாக்கர் எவன்ஸ் போன்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களின் படங்கள். சோப்பையும் சிகரெட்டையும் விற்பதற்கு அல்லாமல், ஒரு மனிதரை அவர் வாழும் இடத்தோடு சேர்த்து நிறுத்திப் பார்ப்பதற்காகவே படம் எடுக்கலாம் என்பதை அன்று கண்டுகொண்டார். திரும்பி வந்து, இரவில் அப்பாவின் மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பகலில் படம் எடுத்தார். படங்களை அச்சிட மட்டும் அவ்வப்போது லண்டனுக்குப் போய் வருவாராம். 1971-இல் நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய லீ விட்கின் என்பவர், முன்பணம் கொடுத்து இந்தத் தீவுப் படங்களின் தொகுப்பு ஒன்றைக் கேட்டதனால்தான் வேலை தடையில்லாமல் நடந்தது.

அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இந்தத் தீவு ஐரிஷ் கடலின் நடுவில், ஒரு பக்கம் அயர்லாந்தும் மறுபக்கம் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இருக்க, 572 சதுர கிலோமீட்டர் பரப்பில் தனியாக நிற்கிறது. இங்கிலாந்து ராணிக்கும் இப்போது மன்னருக்கும் கட்டுப்பட்டதே தவிர, ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றமும் சொந்த வரிச் சட்டமும் உண்டு. 1961-இல் பணக்காரர்கள் மீதிருந்த கூடுதல் வருமான வரியை நீக்கினார்கள். வெளியிலிருந்து செல்வந்தர்கள் குடியேறினார்கள், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வந்தன. அந்தக் காசினால்தான் இன்று என்னைப் போன்றவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சிறு பண்ணைகளில் ஆடு மாடு வளர்த்து, ஹெர்ரிங் மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் உலகம் அதோடு ஒடுங்கத் தொடங்கிவிட்டது. கில்லிப் தம் கேமராவை அந்தச் சிறு பண்ணை மக்களின் பக்கம் மட்டுமே திருப்பினார். புதிதாக வந்த பணத்தையும் அது கட்டிய கட்டடங்களையும் அவர் படத்தில் சேர்க்கவில்லை. அது ஒருதலைப்பட்சமானது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. வருகிறவற்றைப் பதிவு செய்ய ஆட்கள் எப்போதும் கிடைப்பார்கள்.

இந்தத் தீவுப் படங்கள் அடங்கிய புத்தகம் 1980-இல் பிரிட்டனின் கலை மன்றத்தின் வெளியீடாக, கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் எழுதிய உரையோடு வந்தது. பின்னர் 2015-இல் மேலும் படங்கள் சேர்த்து ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் மறுபடி கொண்டுவந்தது. நூலகத்திலிருந்து எடுத்துவந்து இப்போது என் மேசையில் வைத்திருக்கிறேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. முக்காலியில் நிறுத்திய பெரிய பிளேட் கேமராவில் எடுத்தவை. அந்தக் கேமரா முன் உட்காருகிறவர் சும்மா சிரித்துவிட்டு எழுந்து போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஃபோகஸ் பார்த்து, துணியிலிருந்து வெளியே வந்து, பிளேட்டைச் செருகி, ஷட்டரை அழுத்தும் வரை அசையாமல் இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் முகத்தில் வைத்துக்கொண்ட பாவனை எல்லாம் கரைந்துபோய், உள்ளே இருக்கும் ஆள் மேலே வந்துவிடுகிறார். தொப்பியும் கனத்த கோட்டும் அணிந்த முதிய விவசாயிகளும், வீட்டு வாசலில் நிற்கும் பெண்களும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கெஞ்சவும் இல்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை. கையின் விரல் கணுக்களும், கோட்டின் நைந்த விளிம்பும், பின்னால் இருக்கும் கற்சுவரின் சொரசொரப்பும் ஒரே கூர்மையோடு விழுந்திருக்கின்றன. முகங்களுக்கு இடையிடையே நிலக்காட்சிகள் வருகின்றன. ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தில் காற்று சாய்த்த மரத்தையோ கல்வேலியையோ பார்க்கும்போது, அந்த நிலமே இந்த முகத்தைச் செய்தது என்று தோன்றிவிடுகிறது.

ஆங்கிலேயர்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, இவர்கள் அப்படி அல்ல. கெல்டிக் மரபினர். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் கேலிக் மொழிகளுக்குச் சகோதர மொழியான மேங்ஸ் இவர்களுடையது. நடுவில் வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் வந்து ஆண்டு கலந்துபோனார்கள். மாகோல்ட் என்ற ஊரின் தேவாலயத்துக்கு ஒரு விடுமுறை நாளில் போயிருந்தேன். அங்கே ஒரு கொட்டகைக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைய கற்சிலுவைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நூலை எடுத்து முடிவில்லாமல் தனக்குள்ளேயே பின்னிக்கொண்டு போனதைப் போல ஓடும் கெல்டிக் முடிச்சுகள். சித்தி வாசலில் போடும் சிக்குக் கோலத்தை அப்படியே கல்லில் வெட்டி வைத்தது போலிருந்தது. இந்த முடிச்சுகளை இன்று மோதிரத்திலும் தேநீர்க் கோப்பையிலும் பதித்துக் கடைக்குக் கடை விற்கிறார்கள். விற்கட்டும், அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கெல்டிக் பாரம்பரியம் என்று ஒருவர் படம் எடுக்கப் புறப்பட்டால் முதலில் போய் நிற்கும் இடம் இந்தச் சிலுவைகளாகத்தான் இருக்கும். கில்லிப் அந்தப் பாரம்பரியத்தை ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் தேடினார். அவர் மீது எனக்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது இதனால்தான்.

அவர் படம் எடுத்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேங்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த கடைசி மனிதரான நெட் மட்ரல் என்ற மீனவர் 1974 டிசம்பரில், 97 வயதில் காலமானார். கில்லிப் பண்ணை பண்ணையாக முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில். மட்ரலோடு தொடர்புடைய கிரெக்னீஷ் கிராமம் தீவின் தென்முனையில் இருக்கிறது. இப்போது அதை அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறார்கள். அங்கே கூரை வேய்ந்த வீடுகளைப் பார்த்தேன். கடற்காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க, கயிறுகளைக் கூரையின் மேல் வலை போலப் போட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் முளைகளில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து வயலில் நான்கு கொம்பு முளைத்த பழுப்பு நிற லாக்டன் ஆடுகள் மேய்ந்தன. நான் நின்றுகொண்டிருக்கும்போதே கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து, ஆடும் வீடும் தெரியாமல் போய்விட்டது. மனனான் என்ற கடல் தெய்வம், பகைவர் கண்ணில் படாமலிருக்கத் தன் போர்வையைத் தீவின் மேல் விரித்துவிடுகிறார் என்பது இவர்கள் நம்பிக்கை. வானொலியில் வானிலை சொல்கிறவர்கூட அந்தப் போர்வையைப் பற்றிப் பேசுவார்.

மொழி அதோடு போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யுனெஸ்கோ 2009-இல் மேங்ஸ் மொழி அழிந்துவிட்டதாகப் பட்டியலிட்டபோது, செயின்ட் ஜான்ஸ் ஊரில் அம்மொழியிலேயே பாடம் படிக்கும் பள்ளிக் குழந்தைகள், எங்கள் மொழி அழிந்துவிட்டதென்றால் நாங்கள் எந்த மொழியில் இதை எழுதுகிறோம் என்று கேட்டு எழுதினார்கள். அதன் பிறகு பட்டியலைத் திருத்தினார்கள்.

பால் ஸ்ட்ராண்டைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அவர் 1954-இல் ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவுக்குப் போய், கேலிக் பேசும் மக்களை மிகச் சிறப்பாகப் படம் எடுத்த அமெரிக்கர். கில்லிப்பின் படங்களில் அவருடைய சாயல் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நான் உணர்கிறேன். ஸ்ட்ராண்டின் மனிதர்கள் ஒரு விருந்தாளியை மரியாதையோடு பார்க்கிறார்கள். கில்லிப்பின் மனிதர்கள் தெரிந்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிறார்கள். கில்லிப் என்பதே இந்தத் தீவின் குடும்பப் பெயர். இங்கே யாரையும் முதலில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். அதற்குச் சட்டென்று பதில் சொல்லக்கூடியவராக அவர் இருந்தார்.

இதை எனக்கு உறுதிப்படுத்தியது புத்தகம் அல்ல. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், தொண்ணூறு வயதைத் தொடும் ஒரு பாட்டி இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். ஒரு மாலையில் பணி முடிந்த பிறகு புத்தகத்தை அவர் மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நிலக்காட்சிகளை வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு முதியவரின் படத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். அவருடைய பண்ணைக்கு எந்தப் பாதையில் போக வேண்டும், அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும், அறுவடை நாளில் அவர் மனைவி என்ன சமைப்பார் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு அந்தக் கோட்டின் இரண்டாவது பொத்தானைக் காட்டி, அது மற்ற பொத்தான்களோடு சேராத பொத்தான், பார் என்றார். உற்றுப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அத்தனை முறை பார்த்தும் என் கண்ணில் படாதது. அந்தப் பொத்தானையும் விடாமல் வாங்கி வைத்திருந்த பிளேட்டின் மீதும், அதைச் சொல்ல ஓர் ஆள் இன்னும் இருப்பதன் மீதும் எனக்கு ஏற்பட்ட உணர்வை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

கில்லிப் பிற்காலத்தில் வட இங்கிலாந்தின் கப்பல் கட்டும் ஊர்களிலும் கடற்கரைகளிலும் வேலையிழந்து நின்ற மக்களைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார். 1991 முதல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2020 அக்டோபரில் மறைந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வட இங்கிலாந்துப் படங்களையே கொண்டாடுகிறார்கள். அவை பெரிய படங்கள்தான், அவற்றில் கோபம் இருக்கிறது. ஆயினும் என்னால் திரும்பத் திரும்பப் பார்க்க முடிவது இந்த முதல் படங்களைத்தான்.

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு வேண்டுகோள் காரணம், சித்தப்பா. ஸ்டுடியோவைக் காலி செய்து இடத்தை வாடகைக்கு விடப்போவதாக அம்மா சொன்னார். பரண் மேல் இருக்கும் கண்ணாடி நெகட்டிவ் பெட்டிகளைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரம் ஏறாத அறையில், பிளேட்டுகளைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிற்கும்படி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அமிலமில்லாத தாள் இருக்க வேண்டும். தாளை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். கில்லிப் தம் படங்களின் கீழே ஆளின் பெயரையும் பண்ணையின் பெயரையும் போட்டிருப்பதனால்தான் அந்தப் பாட்டியால் பாதை வரை சொல்ல முடிந்தது. தாத்தா எடுத்தவர்களில் உங்களுக்கு முகம் தெரிந்தவர்களின் பெயர், ஊர், இன்னார் மகன் இன்னார் மகள் என்ற விவரத்தை ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி வையுங்கள். தெரியாதவர்களை அப்பாவிடமும் மேலத்தெருப் பெரியவர்களிடமும் கேட்கலாம். தம்பியை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவன் செய்வான். அடுத்த கோடையில் விடுப்பு கிடைக்கும்போது ஸ்கேனர் ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறேன். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கில்லிப் புத்தகத்தின் பிரதி ஒன்றைத் தபாலில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். கிடைத்ததும் எழுதுங்கள், முக்கியமாக, அந்தப் படங்களின் வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்ததா, திறந்த கதவிலிருந்து வந்ததா என்று உங்களுக்குப் படுவதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்.