காலாண்டு விடுமுறைத் தேதியை ஜூலையிலேயே உறுதி செய்யுங்கள்: பள்ளிக் கல்வித்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளோடு மூன்று நாள் வெளியூர் போய்வர ஆண்டிலேயே தோதான காலம் காலாண்டு விடுமுறைதான். மே மாத வெயில் இருக்காது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித்தான் இறங்கும். அரையாண்டு விடுமுறையைப் போல கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று அறை வாடகை எகிறவும் செய்யாது. இருந்தும் இந்த ஒரு வாரத்துக்குத்தான் திட்டம் போட முடியாமல் பெற்றோர் திண்டாடுகிறோம். பணமோ மழையோ காரணமில்லை. தேதிதான் காரணம்.

ரயில்வேயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் எண்ண வேண்டும். 2025இல் காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை முடிந்தது. அன்றிரவு வண்டிக்கு முன்பதிவு திறந்த நாள் ஜூலை 28, திங்கள் காலை 8 மணி. டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். அக்டோபர் 4 இரவு திரும்புவதென்றால் ஆகஸ்ட் 5. இந்த இரண்டு காலைகளையும் தவறவிட்டவர்களுக்கு மிஞ்சுவது தட்கல்: வண்டி புறப்படும் நாளுக்கு முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 மணி. நாலு பேர் குடும்பம் தட்கலை நம்பி அறைக்கு முன்பணம் கட்டுவது சூதாட்டம். ஆகவே ஜூலை 28ஆம் தேதி காலையில் "26ஆம் தேதி தேர்வு முடிகிறது, அக்டோபர் 6 பள்ளி" என்று ஒரு தாய் தயங்காமல் சொல்ல முடிய வேண்டும்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் நாட்காட்டி வெளியிடுகிறீர்கள், உண்மை. அதற்கு நன்றி. ஆனால் பிற்பாடு அது நகர்கிறது. 2024இல் செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 2 வரை விடுமுறை, 3ஆம் தேதி வியாழக்கிழமை பள்ளி என்றிருந்தது. விடுமுறை நெருங்கிய பிறகு அது அக்டோபர் 6 வரை நீட்டிக்கப்பட்டது. நல்ல முடிவுதான், வியாழனும் வெள்ளியும் மட்டும் பள்ளிக்குப் போய் என்ன ஆகப்போகிறது? ஆனால் 2ஆம் தேதி இரவுக்குத் திரும்பும் டிக்கெட் போட்டிருந்தவர்கள் அதை 5ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்ள இணைய டிக்கெட்டில் அப்போது வழியே இருக்கவில்லை. ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டியிருந்தது. அன்றைய விதிப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாலும் படுக்கை வகுப்பில் ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம். நாலு பேருக்கு 480. அதைக் கொடுத்தாலும் 5ஆம் தேதி வண்டியில் இடம் எங்கே இருக்கிறது? நீட்டிப்பு அறிவிப்பு ஆகஸ்டுக்கு முன்பே வந்திருந்தால் அதே மூன்று நாள் எத்தனையோ குடும்பங்களுக்குப் பயன்பட்டிருக்கும்.

2023இல் சிக்கல் வேறு மாதிரி. 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு அக்டோபர் 3ஆம் தேதி பள்ளி திறந்தது. 1 முதல் 5 வரை உள்ள பிள்ளைகளுக்கு, ஆசிரியர்களின் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சிக்காக 9ஆம் தேதி. 2022இலும் இப்படித்தான் இரண்டு வெவ்வேறு தேதிகள். நான்காம் வகுப்பில் ஒன்றும் ஏழாம் வகுப்பில் ஒன்றும் படிக்கிற வீட்டில் கூடுதல் விடுமுறை என்பது விடுமுறை அல்ல. சின்னதைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை. பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எல்லாருக்கும் பொதுவான விடுமுறைக்குள் திணித்து ஆசிரியர்களின் ஓய்வைப் பறிக்கச் சொல்வதும் முறையில்லை, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. பயிற்சி நாட்களை ஜூலையிலேயே சொல்லிவிட்டால் போதும். பாட்டியை எந்த வாரம் வரச் சொல்வது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மாவட்டத்துக்கு ஒரு வாரம் என்று சுழற்சி முறையில் விடலாமே, கூட்டம் குறையுமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. சேலத்து அத்தை பிள்ளைகளும் மதுரை மாமா பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதுதான் இந்த விடுமுறையின் பாதி ருசி.

கேட்பது இவ்வளவுதான். ஜூலை 15க்குள் மூன்று விவரங்கள் உறுதியாக வேண்டும்: கடைசித் தேர்வு நாள், அது காலையா மதியமா என்பது, வகுப்புவாரியாகப் பள்ளி திறக்கும் நாள். காலையா மதியமா என்று ஏன் கேட்கிறோம்? மதியத் தேர்வு எழுதிவிட்டுப் பிள்ளை வீடு வந்து சேர ஐந்து மணி ஆகும். தென்மாவட்டங்களிலிருந்து சென்னை வரும் இரவு வண்டிகளில் பல மாலையிலேயே கிளம்பிவிடும். அரை நாள் வித்தியாசத்தில் ஓர் இரவு போய்விடுகிறது. மூன்று நாள் பயணத்தில் ஓர் இரவு என்பது மூன்றில் ஒரு பங்கு.

பள்ளித் தலைமைகளுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாப் பாட வினாத்தாளையும் விடையோடு எழுதி வரவும்" என்ற வீட்டுப்பாடம் விடுமுறையின் கடைசி இரண்டு நாளை அப்படியே விழுங்கிவிடுகிறது. பிள்ளை எழுதுவதும் பார்த்துத்தான். தவறவிட்ட கேள்விகளை மட்டும் எழுதச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடியும், படித்ததாகவும் இருக்கும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சிறப்பு வகுப்பு உண்டா இல்லையா என்பதைக் கடைசித் தேர்வன்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

தேதி மட்டும் கையில் கிடைத்தால் பெற்றோர் என்ன செய்ய முடியும் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்க உதவும்.

முதலில் வாரத்தின் எந்தப் பகுதி என்று முடிவு செய்ய வேண்டும். 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன். மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டால் அலுவலகக்காரர்களுக்கு ஐந்து நாள். செப்டம்பர் 30 இரவு அவர்கள் மொத்தமாகக் கிளம்பும்போது பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பம் ஊர் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். 27 முதல் 30 வரை போனவர்களுக்குப் பேருந்திலும் இடம், அறையிலும் பேரம், வீட்டில் சுண்டலும் தப்பவில்லை. கர்நாடகத்தில் தசரா விடுமுறையும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் என்பதால் ஊட்டிப் பக்கம் நெரிசல் இரட்டிப்பு.

டிக்கெட் போடும்போது அடிக்கடி நடக்கும் பிழை குழந்தைகளுக்கு. ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம். வேண்டும் என்றால் முழுக் கட்டணம். மிச்சம் பிடிக்கலாம் என்று எட்டு வயதுப் பையனுக்குப் படுக்கை வேண்டாம் என்று போட்டால் இரவு முழுக்க அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இன்னொன்று காத்திருப்புப் பட்டியல். வண்டி கிளம்பும் நிலையத்திலிருந்து சேரும் நிலையம் வரை போடும் டிக்கெட்டின் பட்டியல் சுருக்க நகரும். நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்களுக்கான ஒதுக்கீடு சின்னது, அதன் பட்டியல் பல நேரம் அசையாது. ஆகவே கட்டணம் கொஞ்சம் கூடினாலும் தொடக்க நிலையத்திலிருந்து போட்டுவிட்டு, ஏறும் நிலையத்தை மட்டும் மாற்றிக்கொள்வது பலன் தரும். மாற்றியபின் பழைய நிலையத்தில் ஏற உரிமை இல்லை என்பது நினைவிருக்கட்டும். ரயில்வே முன்பதிவுத் தளத்தில் ஆதாரை இணைக்காத கணக்கோடு காலை 8 மணிக்கு உட்கார்ந்து பயனில்லை. அந்த வேலையை முந்தின வாரமே முடித்துவிட வேண்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நடைமுறை. கட்டணம் கிடையாது. வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் எல்லாம் கேட்கும். இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் வாடகை வேன் எடுப்பவர்கள். பாஸ் வண்டி எண்ணுக்குத்தான். உரிமையாளர் கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பினால் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் தேடிப் புதிதாக எடுக்க வேண்டியதுதான். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. ஊட்டியிலிருந்து மைசூர் தசரா பார்க்கப் போகிறவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் மலை ரயில் காலை 7.10க்குக் கிளம்பி 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இடங்கள் சொற்பம். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்: குன்னூர் வரை பேருந்தில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு அதே பாதையில் ஓடும் டீசல் வண்டியில் ஏறலாம், ஒரு நாளில் பல முறை உண்டு. பல்சக்கரப் பாதையும் நீராவி எஞ்சினும் குன்னூரோடு முடிந்துவிடும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் இருக்காது. மழை பெய்து பாதையில் மண் சரிந்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே வண்டி நிற்கும். அதனால் அன்றைய பேருந்து நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

பருவம் தெரியாமல் போய் ஏமாறுவதும் நடக்கிறது. செப்டம்பர் கடைசியில் வேடந்தாங்கலில் பறவைக் கூட்டம் இருக்காது; அது நவம்பருக்கு மேல். ஒகேனக்கல்லில் பரிசல் உண்டா என்பது காவிரியில் அன்று வரும் நீரைப் பொறுத்தது. குற்றாலத்திலும் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. இந்த இரண்டு இடங்களை மட்டுமே நம்பிப் பயணம் போகாமல், வழியில் ஒரு மாற்று வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்குப் பயப்படாத இடங்களும் இருக்கின்றன: கீழடி அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடுகள், தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்மாவட்டங்களில் செப்டம்பர் மாதத்து இடிமழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும். வெளியே சுற்றுவதை மூன்று மணிக்குள் முடித்துவிட்டால் நனைய வேண்டியதில்லை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலும் ஆகாது. இரண்டு இட்லி கொடுத்து முன் இருக்கையில், சாலையைப் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள்.

இவையெல்லாம் எங்களால் ஆகக்கூடிய வேலைகள். ஜூலை 15க்குள் வர வேண்டிய சுற்றறிக்கை மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
அரசு, அரசு உதவி பெறும், தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் சிலர்