அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விட்டாய்?

ஒட்டன்சத்திரம்
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

புதன்கிழமை ராத்திரி நீ சொன்னதை நாலு நாளாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பத்தா பக்கத்தில் படுத்துக்கொண்டு, இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று சிரிக்கிறாள்.

உதவித்தொகை விண்ணப்பத்தில் "பாடம் தவிர்த்த செயல்பாடுகள்" என்று ஒரு கட்டம் இருந்ததாம். உன் அறைத்தோழி நீச்சல், கீபோர்டு, செஸ், ரோபோ என்று எழுதி இடம் பத்தாமல் ஓரத்திலும் எழுதினாளாம். நீ ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாயாம். "எங்க ஸ்கூல்ல ஒண்ணுமே இல்லையேம்மா, எதை எழுத?" என்று கேட்டாய்.

பெரிய குறை சொல்லிவிட்டாய் என்று நான் சண்டைக்கு வரவில்லை. நம் நடுநிலைப் பள்ளியில் என்ன இல்லை என்று, அங்கேயே சத்துணவு அமைப்பாளராக இருக்கிற எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். விளையாட்டு வாத்தியார் கிடையாது. எறிபந்து வலையை ஒரு பக்கம் முருங்கை மரத்தில் கட்டுவீர்கள். காய் பறிக்கிற அன்றைக்கு வலை அவிழ்ந்துவிடும். நூலகம் என்று ஒரு இரும்பு பீரோ இருந்தது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே நூலகப் பீரியட் முடிந்துபோகும். அதெல்லாம் வாஸ்தவம். ஆனால் "ஒண்ணுமே இல்லை" என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. சமையல்கூடத்து ஜன்னலில் நின்று நான் பார்த்தது பின்னே என்ன?

ஆறாம் வகுப்பில் தினமும் காலையில் ஆஜர் சீட்டை எடுத்துக்கொண்டு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்று முதல் ஐந்து வரை தலைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். சின்னது 48, பெரியது 36 என்று சீட்டில் இருந்தால், நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் "பத்து கிலோ இருநூறு" என்பாய். சமையலக்கா நீ சொன்னதை நம்பி அரிசியை அளந்து கொட்டிவிடுவாள். நான் பின்னாலேயே தட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். இதை யாராவது கட்டத்தில் எழுதுவார்களா என்று கேட்பாய். எழுத வேண்டாம், விடு.

ஆனால் ஏழாம் வகுப்பில் செய்ததை எப்படி மறந்தாய்? குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்ய வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொன்னதும், ஊரில் எத்தனையோ விஷயம் இருக்க, உங்கள் குழு எடுத்த தலைப்பு என் சோறு. மதிய உணவில் எவ்வளவு வீணாகிறது என்று அளக்கப் போகிறோம் என்று தராசைக் கேட்டு வந்து நின்றாய். பெற்ற மகளே தணிக்கைக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு வாளி வைத்தீர்கள். ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கு, ஒன்று பெரிய பிள்ளைகளுக்கு. முதல் நாள் சின்ன வாளியை நிறுத்துவிட்டு 2 கிலோ 300 என்று கரும்பலகையில் எழுதினீர்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஹெச்.எம். ஐயா பார்த்தால் என்ன நினைப்பார்! சாயங்காலம்தான் உங்களில் ஒருத்தி "வாளி எடையைக் கழிச்சமா?" என்று கேட்டாள். வெறும் வாளியே 900 கிராம். மறுநாள் தட்டுக் கழுவின தண்ணீரையும் பிள்ளைகள் அதிலேயே ஊற்றிவிட்டார்கள். அன்றைய கணக்கை அடித்துவிட்டு, வாளிக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு நாள் காவல் நிற்பது என்று முடிவு செய்தீர்கள். பிழையான நாளின் கணக்கை என்ன செய்வது என்று அரை மணி நேரம் சண்டை போட்டீர்களே, நீ "அடிச்சிட்டு காரணத்தையும் எழுதணும்" என்று பிடிவாதமாக நின்றாயே, அதை நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ஒழுங்காக அளந்ததில் சின்ன வாளியில் 6 கிலோ 400, பெரிய வாளியில் 2 கிலோ 100. உப்பு, காரம் எதிலோ நான்தான் கோட்டை விட்டேன் என்று நினைத்தேன். ஒரே அண்டா, ஒரே கரண்டி. அப்படியானால் பெரிய பிள்ளைகள் மட்டும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று டீச்சர் உங்களையே திருப்பிக் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் நீ அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வரிசைக்குப் பக்கத்தில் நின்றாய். பெரிய பசங்கள் முன்னால் ஓடி வந்து நின்றுகொள்கிறார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தட்டோடு போய் உட்காரும்போது மணி அடிக்க 12 நிமிஷம்தான் பாக்கி. அதுகள் முட்டையை முதலில் தின்னும், அப்புறம் கையை நக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கும், மணி அடித்ததும் பாதிச் சோற்றை வாளியில் தட்டும். தினமும் பரிமாறுகிறவள் நான், என் கண்ணில் இது பட்டதே இல்லை.

அதோடு விட்டாயா? "வெள்ளிக்கிழமை கறிவேப்பிலை சாதம் கசக்கிறது என்று 17 பேர் கூறினர்" என்று அறிக்கையில் ஒரு வரி. வீட்டில் இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் இலையை வறுக்கும்போது சமையலக்காவிடம் அடுப்பைக் குறைக்கச் சொன்னேன். இலை கருகுமுன் இறக்கினால் கசக்காது என்பது எனக்குத் தெரியாததா? 84 பேருக்கு வறுக்கும்போது அவசரத்தில் விட்டுப்போனது. இந்த உண்மையை உன்னிடம் இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

ஹெச்.எம். ஐயா சின்னப் பிள்ளைகளைப் பத்து நிமிஷம் முன்னாலேயே சாப்பிட அனுப்பினார். அடுத்த வாரம் அந்த வாளி 2 கிலோ 300க்கு இறங்கியது. அந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லை தெரியுமா? இப்போது இருக்கிற ஹெச்.எம்.முக்கு அது எப்படி வந்தது என்றுகூடத் தெரியாது. எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

திண்டுக்கல்லில் மாவட்ட அளவில் பேசிவிட்டு வந்தீர்கள். மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. நடுவர் ஒருவர் "சமைக்கிறது யாரும்மா?" என்று கேட்க, "அமைப்பாளர் எங்கம்மாதான் சார்" என்று நீ சொல்ல, "அம்மா கோவிச்சுக்கலையா?" என்று அவர் கேட்க, "ரெண்டு நாள் சார்" என்றாயாம். டீச்சர் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த டிசம்பரில்தான் சூரிய கிரகணம். 2019 டிசம்பர் 26, அரையாண்டு லீவு. நம்மூருக்கே வளையமாகத் தெரியும், விடக்கூடாது என்று டீச்சர் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அப்பத்தா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கிரகண நேரத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான், எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். நீ கொல்லைப் பக்கமாகப் போய்விட்டாய். உன்னைத் தேடிக்கொண்டு வந்தவளிடம் டீச்சர், பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார். லீவு நாளில் ஸ்டாக் ரெஜிஸ்டரில் கை வைக்க முடியுமா? வீட்டுக் கொண்டைக்கடலை ராத்திரியே ஊறியிருந்தது, அதைக் கொண்டுபோய் வேகவைத்தேன்.

பழைய ஓட்டுக் கூரை சமையல்கூடம் அது. ஓடு நகர்ந்த இடம், ஒடிந்த இடம் எல்லாம் ஓட்டை. மழைக்காலத்தில் அதற்காக நான் எத்தனை மனு எழுதியிருப்பேன்! எட்டு மணிக்கு மேல் கிரகணம் பிடித்தது. நீங்கள் வெளியே ஏழெட்டுக் கிரகணக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பயந்துகொண்டு வெளியே வரவில்லை. ஒன்பதரை இருக்கும், வெயில் என்னவோ போல மங்கியது, கடலையைக் கிளறக் குனிந்தவள் தரையைப் பார்த்தேன். எப்போதும் வட்டம் வட்டமாக விழுகிற வெயில் அத்தனையும் வளையமாக விழுந்து கிடந்தது. கைப்பிள்ளைக்குப் போடுகிற வளையல் அளவு, கொஞ்சம் நீண்ட வாக்கில். தரையில், அண்டா மூடியில், அரிசி மூட்டை மேல். நான் கத்தின கத்தலில் நீங்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தீர்கள். நீ கையை நீட்டி முழங்கை வரைக்கும் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, "அம்மா, கை நிறைய வளையல்" என்றாய்.

இரண்டு மூன்று நிமிஷம்தான். அப்புறம் எல்லாம் பிறை பிறையாக மாறிவிட்டது. ஓட்டை கோணல் மாணலாக இருந்தாலும் தரையில் விழுவது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம் என்று டீச்சர் சொன்னார். ஒரு பையன் அட்டையில் முக்கோணமாக ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினான். அதிலும் பிறைதான் விழுந்தது. கிரகணம் விடுவதற்கு முன்னாலேயே எல்லோரும் சுண்டல் தின்றோம், நானும்தான். அப்பத்தாவிடம் இதுவரை சொல்லவில்லை. இதை எழுதும்போது காகிதத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதத்தில் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். உன் எட்டாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியிலும் அப்பா போனிலும் போய்விட்டது. பிரிவு விழா இல்லை, போட்டோ இல்லை. நான் மட்டும் உலர் அரிசியும் பருப்பும் முட்டையும் எண்ணிக் கொடுக்கப் போய் வந்தேன். அதனால்தானோ என்னவோ, அந்தப் பள்ளிக்கூடம் உனக்கு அறுந்துபோன மாதிரி இருக்கிறது.

இப்போது வந்து பார்த்தால் உனக்குப் பொறாமையாக இருக்கும். 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் என்று, அறிவியல் சோதனை செய்து காட்டக் கருத்தாளர் ஒருத்தி பை நிறைய பலூன், ஸ்ட்ரா, காந்தம் எல்லாம் தூக்கிக்கொண்டு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு வருகிறாள். கலைத் திருவிழா நடக்கிறது, சினிமா போட்டுக் காட்டுகிறார்கள், தேன்சிட்டு புத்தகம் வருகிறது. எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் காலை உணவு. அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்காரி தம்பிக்குத் தட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூணோரமாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை. சமையல்கூடமும் புதிது, கான்கிரீட் கட்டடம். மழை ஒழுகாது. 2031 மே மாதம் மதுரைப் பக்கம் மறுபடி வளைய கிரகணம் வருமாம். இந்தக் கூரையில் ஓட்டை கிடையாது, அட்டையில்தான் போட வேண்டும்.

மாநாட்டுச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன், அசல் இங்கேயே இருக்கட்டும். விண்ணப்பத்துக்கு 20ஆம் தேதி கடைசி என்றாய் அல்லவா? அலுவலகத்தில் கேட்டு வேறு படிவம் வாங்கிக்கொள். வாளி எடையைக் கழிக்க மறந்ததையும் சேர்த்து எழுது.

புதுமைப்பெண் பணம் ஆயிரம் இந்த மாதம் ஏறிவிட்டதா என்று பார். பார்சலில் பருப்புப் பொடி தனி, கறிவேப்பிலைப் பொடி தனி. கறிவேப்பிலை கருகவில்லை, அந்த நீச்சல்காரப் பிள்ளைக்கும் கொடு.

உன்
அம்மா