விந்தி விந்தி வந்தவன்

அன்புள்ள மல்லி,

நீ முந்திக்கொண்டு திட்டுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொட்ட உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

ஒரு துப்பறியும் நாவலை இங்கிலீஷிலிருந்து பிரெஞ்சில் பெயர்க்கிறேன் என்றேனே, அதன் முதல் பாதி திருத்துநரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. பக்கமெல்லாம் சிவப்பு. 'ஆன் கூரான்', 'ஆன் ராம்பான்', 'ஆன் புவாத்தான்' (ஓடி, தவழ்ந்து, விந்தி) என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு கோடு, ஓரத்தில் 'கனம்' என்று ஒற்றைச் சொல். ஆசாமியை வறுத்தெடுக்கத்தான் உட்கார்ந்தேன். பாதி இடங்களில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

நீ பிரெஞ்சைக் கைகழுவிவிட்டு வரிக்கணக்குக்கு ஓடிப்போனவள். அதனால் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். இங்கிலீஷ்காரன் ஆற்றை 'ஸ்விம் அக்ராஸ்' பண்ணுவான். வினையில் நீச்சல், பின்னால் வரும் குட்டிச் சொல்லில் கடப்பது. பிரெஞ்சுக்காரன் 'த்ராவெர்செ' என்று முதலில் கடந்துவிட்டு, 'ஆ லா நாஜ்' என்று நீச்சலைக் கடைசியில் ஒட்டவைப்பான். வினே, தார்பெல்னே என்ற இரண்டு மொழியியலாளர்கள் இங்கிலீஷையும் பிரெஞ்சையும் ஒப்பிட்டு 1958-இல் போட்ட புத்தகத்தில் இதற்கு 'ஷாசே-க்ருவாசே' என்று பெயர் வைத்தார்கள். ஜோடிகள் இடம் மாறிக்கொள்ளும் ஒரு நடன அடியின் பெயர் அது. ஜூலையில் விடுமுறைக்குப் போனவர்கள் திரும்ப, ஆகஸ்ட்காரர்கள் கிளம்ப, பிரான்சில் நெடுஞ்சாலைகள் திணறுமே, அதற்கும் இதே பெயர்தான். என் மேஜை இப்போது அந்த நெடுஞ்சாலை மாதிரி கிடக்கிறது.

வினே-தார்பெல்னே புத்தகமே நியூயார்க்கிலிருந்து மான்ட்ரியாலுக்குக் காரில் போவதில்தான் தொடங்கும். எல்லை தாண்டியதும் சாலைப் பலகையில் 'லாந்தமான்', அதாவது 'மெதுவாக'. இங்கிலீஷ் 'ஸ்லோ'வுக்குப் பிரெஞ்சு வேஷம். பிரெஞ்சு தானாகப் பேசினால் 'ராலாந்தீர்' ('வேகத்தைக் குறை') என்று ஒரு வினையைத்தான் போடும்.

இப்போது உனக்குப் பிடிக்கிற இடம். 'நீந்திக் கடந்தான்', 'ஓடி வந்தான்', 'தவழ்ந்து வெளியேறினான்'. நாமும் எப்படிப் போனான் என்பதை எச்சத்தில் வைத்துவிட்டு, எங்கே போனான் என்பதைத்தான் முற்றில் வைக்கிறோம். லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் மொழிகளை இப்படி வகை பிரித்தபோது தமிழையும் பிரெஞ்சையும் ஒரே பக்கத்தில்தான் உட்காரவைத்தார். இங்கிலீஷ் எதிர்ப்பக்கம். அதனால் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் வாக்கியத்தை முதலில் தமிழில் முணுமுணுத்துப் பார்க்கிறேன், பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் தமிழ் எச்சம் இலேசானது. 'ஓடி, ஏறி, குதித்து' என்று மூன்றை அடுக்கினாலும் உறுத்தாது. பிரெஞ்சில் ஒரு பத்தியில் மூன்று 'ஆன்' வந்தால் காதில் மணி அடிக்கும். திருத்துநர் கேட்டது அந்த மணியைத்தான். ஆகவே சில இடங்களில் மரபுத்தொடர்களுக்குப் போய்விட்டேன். மாடிப்படியில் ஓடி ஏறுகிறவன் 'காத்ர் ஆ காத்ர்', நான்கு நான்கு படியாக ஏறுகிறான். ஓசையில்லாமல் இறங்குகிறவள் 'ஆ பா தெ லூ'. நமக்குப் பூனை நடை, அவர்களுக்கு ஓநாய் நடை!

இது போக, குட்டிச் சொல் ஒட்டியிருந்தும் திசையே இல்லாத இங்கிலீஷ் வினைகளின் கூட்டம் ஒன்று. 'கோ ஆஃப்' ஒன்றை எடுத்துக்கொள். அலாரம் அடிக்கும், பால் திரியும், விளக்கு அணையும், குண்டு வெடிக்கும், எல்லாம் 'கோ ஆஃப்'. பிரெஞ்சில் நாலுக்கும் நாலு வினை. அகராதி இருக்கிறது, அதுகூடப் பரவாயில்லை. தொனிதான் கொல்கிறது. 'கிவ் அப்' என்று சாராயக்கடையில் ஒருவன் சொல்கிறான். அவன் வாயில் 'ரனோன்செ'யை (துறத்தல்) வைத்தால் மேடையில் உரையாற்றுகிற மாதிரி இருக்கிறது. 'லெசே தோம்பே' (விட்டுத்தள்ளு) என்றால்தான் ஆள் உயிரோடு இருக்கிறான். 'புட் அப் வித்'துக்கு மட்டும் கவலையே இல்லை, 'சுபோர்தே' (பொறுத்துக்கொள்ளுதல்) எங்கேயும் செல்லும். திருத்துநரை நினைத்துக்கொண்டு அந்த வினையை எதிர்மறையில் நிறையப் பயன்படுத்துகிறேன்.

சிரிப்பை விடு. ஒரு இடத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டாம் அத்தியாயத்தில் அண்ணன்காரன் அறைக்குள் 'லிம்ப்ஸ் இன்', விந்தி உள்ளே வருகிறான். சும்மா போகிற போக்கில், இரண்டே சொல். நான் 'ஆன்த்ரா ஆன் புவாத்தான்' என்று போட்டேன். திருத்துநர் வாலை வெட்டிவிட்டு 'ஆன்த்ரா'வை மட்டும் விட்டிருக்கிறார். உள்ளே வந்தான், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கால்தான் மல்லி, ஒன்பதாம் அத்தியாயத்தில் சேற்றில் ஒரு பக்கம் ஆழமாகப் பதிந்த தடமாக வருகிறது! அதை வெட்டினால் வாசகனுக்குத் துப்பே போகவில்லை, எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார் என்பான். சரி, வைத்துக்கொள்கிறேன் என்றாலும் சிக்கல்தான். இங்கிலீஷில் அது வினைக்குள் ஒளிந்திருக்கிறது, யாரும் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். பிரெஞ்சில் வாக்கியத்தின் கடைசியில், விளக்கு போட்ட மாதிரி நிற்கிறது. துப்பை மறைக்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

இப்போதைக்கு ஒரு யோசனை. 'விந்தி உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, மழையைத் திட்டினான்' என்று விந்தலை வாக்கியத்துக்குள் புதைத்துவிட்டு, வாசகன் கண்ணை மழைப் பக்கம் திருப்பிவிடுவது. மூலத்தில் மழை அடுத்த வரியில்தான் வருகிறது, கொஞ்சம் முன்னால் இழுக்கிறேன். இந்த உரிமை எனக்கு உண்டா? திங்கட்கிழமை திருத்துநரோடு பேசவேண்டும். நீதான் எந்தத் துப்பறியும் கதையிலும் கொலைகாரனை முதல் அத்தியாயத்திலேயே பிடிக்கிறவளாயிற்றே. அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன், படித்துவிட்டு அண்ணன்காரன் மேல் உனக்குச் சந்தேகம் வந்ததா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. வந்தது என்றால் வாக்கியத்தை மாற்றுகிறேன். வரவே இல்லை என்றாலும் மாற்றத்தான் வேண்டும்.

உன்
வாயாடி