படமாகப் போட்ட ஏரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், வண்ணப் படங்களும் அழகு. ஆனால் நடுவில் ஒரு வரி. ஏரி நீர்மட்டம், மழையளவு, உபரிநீர் திறப்பு எல்லாமே இப்போது இணையத்தில் கிடைக்கிறது, மக்களுக்குத்தான் எடுத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை என்கிறார் கட்டுரையாளர்.

பழக்கம் வராத அந்த மக்களில் நானும் ஒருவன். ஜாபர்கான்பேட்டையில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன், அடையாறு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். எனவே எனக்கு எடுத்துப் பார்க்கத் தெரியவில்லை என்று கட்டுரையாளர் சொன்னால், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் படிக்க வந்த இரண்டு பையன்கள் ஒரு விளக்கு செய்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிடும் தண்ணீர் விநாடிக்கு ஆயிரம் கன அடிக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் மஞ்சள், இன்னும் ஏறினால் சிவப்பு. எங்கள் தெருமுனை டீக்கடையில் மாட்டினோம். ஒரு துறையின் இணையப் பக்கத்தில் இருந்த அட்டவணையை மணிக்கொரு தடவை படித்து விளக்கு நிறம் மாறும். நன்றாகத்தான் வேலை செய்தது. போன கார்த்திகையில் ஒரு நாள் அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, அதே அட்டவணையைப் படமாகப் போட்டுவிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விளக்குக்குக் கண் கிடையாதே. கடைசியாகக் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பச்சையாகவே எரிந்தது. பழைய எண் என்றால் அணைந்துவிடும்படி எழுதாதது பையன்கள் தப்பு, எழுத வைக்காதது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று இடத்துக்கு மாற்றி, கடைசியில் ஒரு அதிகாரி பொறுமையாகப் பேசினார். "படமாப் போட்டாத்தான் சார் யாரும் மாத்த முடியாது" என்றார். ஏபிஐ மாதிரி ஏதாவது கொடுக்கலாமே என்றேன். உங்களுக்குத் தெரியாததல்ல, ஏபிஐ பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு கணினி வந்து கேட்டால் இன்னொரு கணினி எண்ணை எண்ணாகவே எடுத்துக் கொடுக்கிற ஜன்னல், அவ்வளவுதான். "சரிபார்க்காத எண்ணை வெளியே விட்டா தப்பாப் பயன்படுத்திடுவாங்க" என்றார் அவர்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1889-ல் நியூ மெக்ஸிகோவில் எம்புடோ என்ற இடத்தில் முதல் ஆற்றுநீர் அளவு நிலையத்தை வைத்தது. இன்று ஆயிரக்கணக்கான நிலையங்களின் அளவுகளை யார் கேட்டாலும் கொடுக்கிறது. சரிபார்க்காத எண்ணுக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறி, சரிபார்த்தபின் 'ஏற்கப்பட்டது' என்று இன்னொரு குறி. ஒரே ஒரு குறியில் அந்த அதிகாரியின் கவலை தீர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையோ பெயர்கூடக் கேட்பதில்லை. கால் மணிக்கு ஒரு முறை எடுத்த ஆற்று மட்டத்தைக் கொடுக்கிறது. தேம்ஸ் நதியில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஜாபர்கான்பேட்டை மொட்டை மாடியிலிருந்து என்னால் சொல்ல முடியும். அடையாற்றுக்கு, எழுந்து போய் எட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியும் அப்படித்தான் எட்டிப் பார்த்தோம். மறுநாள் காலைக் கணக்குப்படி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வந்துகொண்டிருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கரண்ட் இல்லை. என் மாமியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கினோம், ஃபிரிட்ஜ் மிதந்து வந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டது. பிறகு அந்த வெள்ளம் பற்றித் தணிக்கை அறிக்கை வந்தது, நீங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். எனக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

அதற்கப்புறம்தான் தகவல் உரிமைச் சட்டத்தில், ஒரு மழைக்காலத்தின் மணிவாரி நீர்த் திறப்பைக் கேட்டேன். பத்து ரூபாய் ஸ்டாம்பு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 43 பக்கம் ஜெராக்ஸ் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எக்செல் கோப்பின் பெயர் அச்சாகியிருந்தது! கோப்பு அவர்கள் கணினியில் இருக்கிறது, அதை அச்சடித்து, ஜெராக்ஸ் போட்டு, பதிவுத் தபாலில் எனக்கு அனுப்புகிறார்கள். நான் உட்கார்ந்து திரும்ப எக்செலில் தட்டுகிறேன். மனு போட்டுக் கேட்க வேண்டிய அவசியமே வராதபடி தகவலைத் தாமாக இணையத்தில் போடப் பாருங்கள் என்று அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. 2005-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

எழுத்துருக் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. எனக்கு வந்த பிடிஎஃப் இணைப்பிலிருந்து ஏரியின் பெயரை நகலெடுத்து ஒட்டினால் கேள்விக்குறியும் டாலர் குறியும் வருகிறது. ஆங்கிலத்தில் போட்டாலும் செம்பரம்பாக்கத்துக்கு மூன்று கோப்பில் மூன்று எழுத்துக்கூட்டல். எது எந்த ஏரி என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் காற்றுத் தரம் ஏபிஐ வழியாகவே வருகிறது. எந்த நிலையம், அது எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் இருக்கிறது, கடைசியாக எப்போது அளந்தார்கள் எல்லாம் சேர்ந்தே இருக்கும். கருவி ஓடவில்லையா, அளவு இல்லை என்று நேர்மையாகப் போடுகிறார்கள். நேற்றைய எண் வேண்டும் என்றால் நாமே நேற்று சேர்த்து வைத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம். நான் பார்க்கும் மழையளவுப் பட்டியலிலோ கருவி கெட்டாலும் 0, மழை பெய்யாவிட்டாலும் 0. புயல் நாளில் பக்கத்து ஊரில் 12 சென்டிமீட்டர், நடுவில் ஒரு ஊரில் மட்டும் பூஜ்யம். மழை அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போனதாக்கும்.

அந்தப் பூஜ்யத்தை நீங்களும் அப்படியே அச்சடிக்கிறீர்கள் என்பதை மரியாதையோடு நினைவுபடுத்துகிறேன். போன மாதம் ஒரு நாள் உங்கள் நாளிதழில் செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,465 மில்லியன் கன அடி என்று வந்தது. 3,645 என்பதுதான் சரி. ஒரே ராத்திரியில் ஏரி சுருங்கவில்லை. படத்தைப் பார்த்துத் தட்டிய உங்கள் ஊழியரின் விரல் இடம் மாறிவிட்டது. அவரைத் திட்டாதீர்கள், நானும் அந்த 43 பக்கத்தைத் தட்டியவன்.

அரசாங்கத்தை மாற்றச் சொல்லி உங்களுக்கு எழுதவில்லை. தினமும் நீங்கள் போடும் ஏரி நீர்மட்டக் கட்டத்தில், அந்த அளவு எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? பூஜ்யம் வரும் இடத்தில் ஒரு தடவை போன் போட்டுக் கேட்க முடியுமா? மழைக்காலம் முடியும்வரை செய்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
ஜாபர்கான்பேட்டை, சென்னை.

பி.கு.: டீக்கடைக்காரர் விளக்கைக் கழற்றித் தரச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பால் விலைப் பட்டியல் மாட்டப்போகிறாராம்.